படம் பிடித்தவன்

நமங்கான் சாலையில் நடுவே போட்ட வெள்ளைக் கோட்டைத் தாண்டியதாக எர்காஷுக்கு அபராதச் சீட்டு வந்தது. பின்னால் வந்த எவனோ படம் பிடித்து போலீசுக்கு அனுப்பியிருக்கிறான். அனுப்புகிறவனுக்கு அபராதத்தில் பங்கு உண்டு.

"கோர்ட்டுக்குப் போறேன். அந்த நாய் யாருன்னு பாக்கணும்."

"எதுக்குப்பா வம்பு? நானே கட்டிடறேன்" என்றான் மகன் ஜாசூர்.

"ஒரு ரொட்டி வாங்கித் தராதவன், அபராதம் கட்டுறியா?"

மூன்று நாள் கெஞ்சினான். கிழவர் மசியவில்லை.

கோர்ட்டில் படத்தை ஓடவிட்டார்கள். எர்காஷின் கார் கோட்டைத் தாண்டியது. கூடவே மருமகளின் குரல் கேட்டது: "ஐயையோ, அது மாமா வண்டிங்க!"

"தெரியும். கைய ஆட்டாம, நம்பர் தெரியற மாதிரி எடு."

நீதிபதி நிமிர்ந்தார். "எடுத்தவர் பேரைக் கேட்டீங்களே, சொல்லட்டுமா?"

"வேணாங்கய்யா" என்றார் எர்காஷ். "எங்க கட்டணும்?"