பக்கத்துலயே இருக்கட்டும்

"பிரசவத்துல அம்மாவுக்குக் காய்ச்சல். குழந்தைக்கும் கிருமி தொத்தியிருக்கலாம். தனி வார்டுக்குத் தூக்கிட்டுப் போய் ரத்தம் எடுங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் புட்டிப்பால்," என்றார் பெரிய டாக்டர்.

குழந்தையைத் தூக்க வந்த நர்ஸுக்குக் குறுக்கே போய் நின்றாள், புதிதாகச் சேர்ந்திருந்த சின்ன டாக்டர்.

"குழந்தை நல்லாத்தானே சார் இருக்கு? இப்பதான் மார்ல வாய் வெச்சுப் பழகுது. ஏன் பிரிக்கணும்? அம்மா பக்கத்துலயே இருக்கட்டும். மணிக்கொரு தரம் நானே பாக்கறேன். துளி சந்தேகம் வந்தாலும் ரத்தம் எடுத்துடலாம்."

நர்ஸுகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவரை எதிர்த்துப் பேசி அங்கே யாரும் தப்பியதில்லை.

பெரிய டாக்டர் குழந்தையை மறுபடி தொட்டுப் பார்த்தார். "சரி, இங்கேயே இருக்கட்டும். கண்ணை எடுக்காம பாத்துக்கோ!" என்று உறுமிவிட்டுத் தன் அறைக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டு மனைவிக்குப் போன் போட்டார்.

"நம்ம பொண்ணு எல்லார் முன்னாடியும் என்னை எதிர்த்துப் பேசிட்டா!"

"ஐயையோ! என்ன சொன்னா?"

"அவ பொறந்தன்னைக்கு, 'நல்லாயிருக்கற குழந்தையை ஏன் பிரிக்கறீங்க'ன்னு என்கிட்ட கேட்டியே, அதேதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நீ அழுதுக்கிட்டே கேட்டே. அவ நிமிர்ந்து நின்னு கேட்டாடி!"