கனவில் நட்ட பூண்டு

"பூண்டுத் திருடன் போறான் பாரு!"

மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுத் தோஜிபாய் நடந்து போகும்போதெல்லாம், மவ்ஜுதா தன் ரொட்டி அடுப்பிடம் இப்படித்தான் சொல்லிக்கொள்வாள். அடுப்பு கோள் மூட்டாது.

சந்தேகம் இல்லை, கண்ணால் பார்த்த திருட்டு.

கணவர் சோபிர் இறந்த இருபதாம் நாள். விதவை நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். வெளி ஆண்களோடு பேச்சு கூடாது. மவ்ஜுதா திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். முற்றத்தில் ஆண்கள் புலாவ் சாப்பிட்டு, கையேந்தித் துஆ செய்துவிட்டுக் கலைந்தார்கள்.

கடைசியாக ஒரு கை மட்டும் தாழ்வார உத்தரத்தை நோக்கி நீண்டது. சுண்டுவிரல் இல்லாத கை. அது பஞ்சாலை இயந்திரத்துக்குப் பலியான விரல். அங்கே தொங்கிய விதைப் பூண்டுச் சரம் தோஜிபாயின் கோட்டுக்குள் போய் மறைந்தது.

"ஐயோ" என்று கத்தக்கூட வழியில்லை.

அந்தச் சரத்திலிருந்து சோபிர் ஒரு பல்லைக்கூடச் சமையலுக்குத் தரமாட்டார். விளைந்ததில் பெரிசு பெரிசாகப் பொறுக்கி, "இது அடுத்த வருஷத்துக்கு" என்று கட்டித் தொங்கவிடுவார். இருபத்திரண்டு வருஷமாக நட்டு, பறித்து, மறுபடி நட்ட விதை. பிள்ளையில்லாத வீட்டில் அவர் விட்டுப்போன உயிர் அது ஒன்றுதான்.

அந்தக் குளிர்காலத்தில் அவள் அழுததில் பாதி பூண்டுக்காக. ரொட்டி வாங்க வந்த பெண்களிடமும் சொல்லிவிட்டாள். அப்புறம் என்ன, தோஜிபாயின் மனைவி சந்தையில் பூண்டு கேட்டால், "உங்க வீட்லதான் சரம் சரமாத் தொங்குதாமே!" என்று சிரித்தார்கள்.

துக்க நாட்கள் முடிகிற சமயத்தில் ஒரு விடியற்காலைக் கனவு. பனிக்குள் சோபிர் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். "மேலதான் குளிரு மவ்ஜுதா. உள்ள கதகதப்பா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே பல் பல்லாகப் புதைத்தார்.

பனி உருகியதும் பின்தோட்டத்துக்குப் போனாள். வாதுமைப் பூக்கள் உதிர்ந்து கிடந்த மண்ணில் வரிசையாகப் பச்சை முளைகள். பூண்டு!

மவ்ஜுதா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்தால் கனவு கலைந்துவிடுமோ என்று பயம். பின் மதிலுக்கு அப்பால் தோஜிபாயின் தொப்பி தெரிந்ததும், வேண்டுமென்றே குரலை உயர்த்தினாள்.

"சரத்தோட தூக்கிட்டுப் போனா மட்டும் ஆச்சா? எங்க வீட்டு மனுஷன் கனவுல வந்து நட்டுட்டுப் போயிருக்கார்!"

தோஜிபாய் எட்டிப் பார்த்தார். முளைகளை வெகுநேரம் பார்த்தார்.

"ஆமா தங்கச்சி. இது சோபிர் கைதான். அவன் நட்டாத்தான் இப்படி வரும்."

'திருடனுக்கு வாய் வேற' என்று நினைத்துக்கொண்டாள்.

ஆடு மாடு வாய் வைக்காமல், நீர் தவறாமல் காத்தாள். கோடையில் அறுவடைக்குத் தங்கை கும்ரி வந்தாள். பூண்டு பயிரிடும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள்.

"யாருக்கா நட்டது?"

"யாரும் நடலை. போன வருஷம் மண்ணுல தப்பினது முளைச்சிருக்குன்னு ஊர்ல சொல்றாங்க. எனக்குத் தெரியும், உன் மாமாதான்."

"நல்லாச் சொன்னாங்க ஊர்ல! தப்பின பூண்டு முழுசா முளைச்சுக் கொத்தா நிக்கும். இது ஒத்த ஒத்தையா, சாண் அளந்து நட்டிருக்கு."

"நான்தான் சொன்னேனே! உன் மாமாவும் சாண் வச்சுத்தான் நடுவார். அவர் சாண்னா என் சாணும் மேல ரெண்டு விரலும்."

பெருமையோடு மண்ணில் கையை விரித்து வைத்தாள்.

இரண்டு விரல் மிச்சம் வரவில்லை. அவள் சாணே இடைவெளியைத் தாண்டிப் போனது. அடுத்த இடைவெளியிலும் அப்படியே. வரிசை முழுக்க, சுண்டுவிரலை மடக்கிக்கொண்டு அளந்தால்தான் சரியாக வந்தது.

மவ்ஜுதாவின் கை மண்ணிலேயே இருந்தது. வீட்டுக்குள் வந்து கேட்க முடியாத நாட்கள். பனி விழுந்தால் நடவு தவறிப்போகும். பின்தோட்டத்து வாய்க்கால் பக்கமாக வந்து முட்டி போட்ட மனிதர், கனவு என்று அவள் சொன்னதும் கனவாகவே விட்டுவிட்டார். ஒன்பது மாதம் திருடன் பட்டம்.

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. பெருசாப் பார்த்துப் பொறுக்கு."

பூண்டு காய்ந்ததும் சரம் கட்டி மதிலருகே போனாள்.

"தோஜிபாய் அண்ணே!"

அவர் திகைத்துப்போய் வந்தார். அவள் பெயர் சொல்லி அழைத்து எத்தனை நாளாயிற்று!

"அவர் மறுபடி கனவுல வந்தார்ண்ணே."

"அப்படியா? என்ன சொன்னான்?"

மவ்ஜுதா சரத்தை அந்த நாலு விரல் கையில் வைத்தாள்.

"'என் பேர்ல முட்டி போட்டு நட்டவனுக்குப் பாதி விதையைக் குடு'ன்னார்."