ஹுயா விற்ற ரைஃபிள்

"கோணல் துப்பாக்கியை என் தலையில கட்டிட்டீங்க, ஹுயா! தெரிஞ்சேதான் கட்டியிருக்கீங்க!"

டேரல் போட்ட சத்தத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தன.

துப்பாக்கி கிளப்பில் இருந்த அத்தனை பேரும் ஹுயாவைத் திரும்பிப் பார்த்தார்கள். கிளப்பின் சாம்பியன் அவள். தன் பழைய ரைஃபிளைப் போன வாரம்தான் டேரலுக்கு விற்றிருந்தாள்.

டேரல் பால் டேங்கர் ஓட்டுகிறவன். துப்பாக்கி லைசென்ஸ் கைக்கு வந்ததிலிருந்து அவன் கால் தரையில் நிற்கவில்லை. ஹுயா புதுசு வாங்கப் போகிறாள், பழசைக் கொடுத்துவிடுவாள் என்று கேள்விப்பட்டதும் அவள் வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டான்.

"கொஞ்ச நாள் கிளப் துப்பாக்கியில பழகிட்டு வாங்கலாமே? என்ன அவசரம்?" என்று அவள் கேட்டாள்.

"அதுக்குள்ள வேற எவனாவது தட்டிட்டுப் போயிட்டா?"

அவள் கன்னம் பட்டுப் பட்டு வழவழத்திருந்த அந்த ரைஃபிளின் மரக்கட்டையைத் தடவிப் பார்த்ததுமே அவன் சொக்கிப் போனான். பேரம்கூடப் பேசவில்லை.

வீட்டில் அன்றிலிருந்து அதே பேச்சுதான். சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய்த் துடைப்பான். துடைத்ததையே மறுபடி துடைப்பான்.

"நம்ம கல்யாண போட்டோவுலகூட நீ இப்படிச் சிரிக்கலையே," என்றாள் மனைவி டீனா.

"அன்னிக்குப் பயமா இருந்துச்சு. இது சந்தோஷம்!"

"இரு, ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன். நீ சுடற லட்சணத்தைப் பார்க்கணும்."

வந்தாள். அவள் மட்டுமில்லை, டேரலோடு டேங்கர் ஓட்டுகிற சிநேகிதர்களும் வந்தார்கள். எல்லாரையும் கூப்பிட்டது அவனேதான். ரொட்டியில் சாசேஜைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வரிசையாக உட்கார்ந்தார்கள்.

டேரல் படுத்தான். குறி பார்த்தான். சுட்டான், சுட்டான், சுட்டுக்கொண்டே இருந்தான்.

குறிக் காகிதத்தின் நடுவிலிருந்த கறுப்பு வட்டத்தில் ஒன்றுகூட விழவில்லை. ஏதோ ஒன்றிரண்டு காகிதத்தின் ஓரத்தைத் தொட்டன. மிச்சமெல்லாம் பின்னாலிருந்த மண்மேட்டில்.

"மேட்டை நல்லா உழுதுட்டேடா! விதை போடறதுதான் பாக்கி!" என்று ஒரு சிநேகிதன் கத்தினான்.

டீனாகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டேரலுக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. அந்தக் கோபம்தான் ஹுயாவின் மேல் பாய்ந்தது.

"நல்ல துப்பாக்கியை யாராவது விப்பாங்களா? புதுசா வர்றவன்தானே, இவனுக்கு என்ன தெரியப் போகுதுன்னு நினைச்சுட்டீங்க!"

ஹுயா சிரித்துக்கொண்டிருந்த சிநேகிதர்களைப் பார்த்தாள். டீனாவைப் பார்த்தாள். அப்புறம் டேரலைப் பார்த்தாள்.

"குடுங்க. நானே நாலு சுட்டுப் பார்க்கறேன்."

புதுக் காகிதம் ஒன்றை மாட்டிவிட்டு வந்து படுத்தாள். அவள் பாட்டுக்கு நட்டநடு வட்டத்தில் அடித்துவிட்டால் இத்தனை பேர் முன்னால் தன் கதி என்ன என்பது அப்போதுதான் டேரலுக்கு உறைத்தது.

டப். டப். டப். டப்.

கிளப்பை மேற்பார்வை பார்க்கும் மர்ரே தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். பிறகு தலையைத் தூக்கி ஹுயாவைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கறுப்புல... ஒண்ணுகூட இல்ல."

"பார்த்தீங்களா! நான்தான் சொன்னேனே, பார்த்தீங்களா!" டேரல் குதித்தான். டீனா கைதட்டினாள்.

"சாம்பியனாலயே முடியலையாம், நீ என்னடா பண்ணுவே, பாவம்!" சிநேகிதர்கள் அவன் முதுகில் மாறி மாறித் தட்டினார்கள்.

ஹுயா எழுந்து முழங்காலில் ஒட்டின புல்லைத் தட்டிவிட்டாள். ரைஃபிளில் தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"என் தப்புதான், டேரல். இதை நானே எடுத்துக்கறேன், பணத்தைத் திருப்பிக் குடுத்துடறேன். அடுத்த வாரம் கிளப் துப்பாக்கியில சுடுங்க. வராம மட்டும் இருந்துடாதீங்க."

"நானா? நான் ஏன் வராம இருக்கப் போறேன்!"

சுடுவதை நிறுத்தச் சொல்லிச் சிவப்புக் கொடி ஏறியது. அவரவர் காகிதத்தை எடுத்துவர எல்லாரும் கிளம்பினார்கள். டேரல் முந்திக்கொண்டு ஓடினான்.

"சாம்பியனோட காகிதம் எனக்குத்தான்! டிப்போ சுவத்துல ஒட்டப் போறேன்!"

கிட்டே போய்ப் பார்த்தான். வட்டம் சுத்தமாக இருந்தது. சுற்றியிருந்த வெள்ளையிலும் ஒன்றுமில்லை. "நாலும் மேட்டுக்கே போயிடுச்சு போல!" என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, காகிதத்தைக் கழற்ற மேல் மூலையில் கையை வைத்தான்.

கை அப்படியே நின்றது.

மூலையில் அடித்திருந்த பின்னை ஒட்டினாற்போல் ஒரு தோட்டா ஓட்டை. எதிர் மூலையைப் பார்த்தான். அங்கேயும் பின்னை ஒட்டி ஒன்று. கீழே இந்த மூலையில் ஒன்று. அந்த மூலையில் ஒன்று.

திரும்பிப் பார்த்தான். ஹுயா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கார் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

டேரல் அந்தக் காகிதத்தை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, விழுந்தடித்து ஓடினான்.

"ஹுயா! எடுத்துட்டுப் போகாதீங்க! கோளாறு என்கிட்டதான்! நில்லுங்க, அது என் துப்பாக்கி!"