சும்மா கிடக்கும் எண்கள்

"கை ஏன் இப்படி நடுங்குது?" என்றார் இளஞ்செழியன். புதுச்சேரி மூலக்குளத்தில் இன்டர்நெட் கம்பெனி நடத்தும் அவரிடம் பூர்ணிமா ஆறு வருடமாக வேலை பார்க்கிறாள்.

"ஏசி குளிருது, சார்."

கம்ப்யூட்டர் திரையில் ஆன்லைன் கூட்டம். இணைய இணைப்புக்குத் தேவையான, அளவோடு மட்டுமே உள்ள முகவரி எண்களை நிறுவனங்களுக்குப் பங்கிடுவது பற்றி ஒரு புது விதி விவாதத்துக்கு வந்திருந்தது: வாங்கி இரண்டு வருடமாகப் பயன்படுத்தாத எண்களைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

"நம்மகிட்ட எவ்ளோ சும்மா கெடக்கு?"

"எண்ணூறு, சார். சேதராப்பட்டுல சின்னச் சின்ன கம்பெனிங்க எண் கேட்டு வரிசையில நிக்கிறாங்க."

"நிக்கட்டும். இது பாஸானா நம்ம கதை முடிஞ்சுது. எழுதிக் குடுத்திருக்கேன், எதிர்த்துப் படி."

பூர்ணிமா தாளை வாங்கிக்கொண்டாள். "இந்த விதிய எழுதினது யாருன்னு தெரிஞ்சா என்ன செய்வீங்க, சார்?"

"பேரு மட்டும் தெரியட்டும். இந்த ஊர்ல எந்தக் கம்பெனியிலயும் வேலை கெடைக்காம பண்ணிடுறேன்."

பெரிய கம்பெனியா சின்னக் கம்பெனியா என்று பார்த்து யாரும் ஆதரிக்கக் கூடாதென்று, எழுதியவர் பெயரை விவாதம் தொடங்கும்வரை மறைத்து வைப்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "விதியை எழுதியவர் முதலில் விளக்கட்டும். புதுச்சேரியிலிருந்து, பூர்ணிமா ராமலிங்கம்."

இளஞ்செழியன் கையிலிருந்த டீ வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

அவர் எழுதிக் கொடுத்த தாளை மடித்து அவர் பக்கமே நகர்த்தினாள் பூர்ணிமா. கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கையாலேயே மைக்கை ஆன் செய்தாள்.