குற்றவாளி யானை

“சொல்லித் தொலை. இதுதானே?”

தியாம்பிரு கவெதுனாவின் தோளைப் பிடித்துத் திருப்பினான்.

காய்ந்த ஆற்றின் அக்கரையில் கிழட்டுக் கொம்பன் யானை ஒன்று மொபானே மரத்தை ஒடித்துத் தின்றுகொண்டிருந்தது.

கவெதுனா லாரியின் பின்தட்டில் நின்றாள். புருஷன் செத்த துக்கத்துக்காகக் கால் மணிகளைக் கழற்றியிருந்தாள். சுற்றிலும் ஊர்ப் பெண்கள், கத்தியும் வாளியுமாக.

முன்சீட்டில் வனத்துறை அதிகாரியின் பக்கத்தில் வெளிநாட்டு வேட்டைக்காரர் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இறைச்சி ஊருக்கு. அவர் கட்டும் பணத்தில் ஊர்க் கிணற்றின் பம்பு ஓடும். மழை பொய்த்து மாடுகள் எலும்பாகிவிட்ட நேரம்.

ஆளைக் கொன்ற யானையை மட்டும்தான் சுடலாம் என்பது உத்தரவு. கொன்றதைக் கண்ணால் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

செத்தவன் முஹருகுவா. அவள் புருஷன், தியாம்பிருவின் தம்பி, ஊர் நியமித்த வனக்காவலன்.

அப்பன்மார் காலத்தில் யானையைக் கண்டால் சுடுவார்கள், கொம்பு யார் யார் கைக்கோ போகும். சுற்றுலாப் பயணிகள் படமெடுக்க வந்து, அனுமதியோடு நடக்கும் வேட்டையின் வருமானமும் ஊருக்கே என்றான பிறகு, கள்ளத் துப்பாக்கியைத் தூக்க யாருக்கும் மனம் வரவில்லை. வந்தாலும் முஹருகுவா விடமாட்டான் என்று பேர். அவன் கல்லறைமேல் மரியாதைக்காக மாட்டுக் கொம்புகளை உயரமாக அடுக்கியிருந்தார்கள்.

கொம்பன் காதை அசைத்தது. கவெதுனா அதையே பார்த்தாள்.

“தப்பு பண்ணது இது இல்ல.”



“நம்ம தீ மேல சத்தியமா?” என்றான் தியாம்பிரு. முன்னோர்களின் தீயை அவர்கள் வீட்டில் அணையாமல் காப்பவன் அவன்தான்.

“தீ மேல சத்தியமா.”

வனத்துறை அதிகாரி கையை விரித்தார். வேட்டைக்காரர் துப்பாக்கியை உறைக்குள் வைத்தார். அடுத்த பள்ளத்தாக்கு ஊரிலும் ஒரு யானைக்கு அனுமதி இருக்கிறதாம். இனி இறைச்சியும் பணமும் அங்கேதான்.

“புருசனைக் கொன்னதுக்கு வக்காலத்து வாங்குறா பாரு!” என்று ஒருத்தி வாளியை உதைத்தாள். இன்னொருத்தி கவெதுனாவின் காலடியில் காறித் துப்பினாள்.

பாதி வழியில் தியாம்பிரு லாரியை நிறுத்தச் சொன்னான்.

“இறங்கு. என் தம்பி இந்தக் காட்டுக்காக உசிரக் குடுத்தான். அவனுக்காக ஒரு விரல நீட்ட முடியல உனக்கு. இனிமே என் வீட்டுத் தீ பக்கம் உன்னப் பாக்கக் கூடாது.”

இறங்கினாள். லாரி கிளப்பிய புழுதி அடங்கும்வரை அங்கேயே நின்றாள். பிறகு நடந்தாள்.

அழுகை வரவில்லை. கொம்பனின் தோள்பட்டையில் சீழ் வழிந்ததை அவள் பார்த்திருந்தாள். மற்றவர்கள் அதை முள் கிழித்ததென்றோ, இன்னொரு கொம்பன் குத்தியதென்றோ நினைத்திருப்பார்கள். தோலை உரித்திருந்தால் உள்ளேயிருந்து குண்டு விழுந்திருக்கும். அது யார் வீட்டுப் பழைய துப்பாக்கியின் குண்டு என்பது தியாம்பிருவுக்குத் தெரியாமல் போகாது.

அந்தக் காலையில் முஹருகுவா காவலர் சட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். மறந்துவிட்டான் என்று நினைத்து அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். முதலில் வெடிச்சத்தம் கேட்டது. யானை பிளிறியது அதற்குப் பிறகுதான்.

அவன் பக்கத்தில் கிடந்த அப்பன் காலத்துத் துப்பாக்கியை மணலுக்குள் புதைக்க அதிக நேரம் ஆகவில்லை.

விலா நொறுங்கிக் கிடந்த உடம்பில் சட்டையை மாட்டுவதற்குத்தான் பெரும்பாடு பட்டாள். பித்தான்களையெல்லாம் போட்டு முடித்துவிட்டுத்தான் ஊரைக் கூப்பிட ஓடினாள்.