கொசுறாக ஏற்றிய சார்ஜ்

சிதம்பரத்துப் பட்டறையின் பின்வாசலில், மணல் வாளிக்குள் ட்ரோன் பேட்டரி கிடக்கிறது. இன்னும் ஒரு காணிக்கு மருந்தடிக்கலாம் என்ற ஆசையில், இலக்கியா அதற்கு அளவுக்கு மேல் கொசுறாகச் சார்ஜ் ஏற்றியிருக்கிறாள். அவளோடு ட்ரோன் ஓட்டும் மாலதி பத்தடி தள்ளி நின்று, அது தாங்குகிறதா என்று சோதிக்கச் சுவிட்சைத் தட்டுகிறாள். பேட்டரியிலிருந்து போகும் கம்பியின் மறுமுனையில் லாரி விளக்கு, உச்சிவெயிலிலும் கண் கூசும் வெள்ளையாக எரிகிறது. காலடியில் சுருண்டிருந்த இருவர் நிழலுக்கும் சுவரில் இன்னொரு நிழல் முளைக்கிறது. இலக்கியாவுக்குப் பெருமையாகக்கூட இருக்கிறது. நாலாவது நிமிஷம் விளக்கு மஞ்சளாகிறது. வாளிக்குள், சத்தமே இல்லாமல், பூரி மாதிரி பேட்டரி உப்பி எழுகிறது. லேசாக ஒரு தித்திப்பு நெடி. விளக்கு அணைந்த பிறகும் அந்த உப்பல் வடியவில்லை. பார்த்துக்கொண்டே நிற்கிற மாலதியின் குரல் தானாகத் தாழ்கிறது. "நாளைக்கு இதத்தான்க்கா வயல்ல நிக்கிற ஜனங்க தலைக்கு மேல பறக்க வுட இருந்தோம்."