நர்ஸுக்கு ஆகாத ஜாமுக்காரி

"இந்தப் பக்கமே வராதேன்னு எத்தனை தடவை சொல்றது? உன் ஜாமு கஷாயத்தைக் குடிச்சுக் குடிச்சுத்தான் ஊரே மாத்திரையைத் தூக்கிப் போடுது!"

சுகாதார நிலைய வாசலில் நர்ஸ் துமினி போட்ட சத்தம் சந்தை வரை கேட்டது. முதுகில் பாட்டில் கூடையைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக ஜாமு என்ற மூலிகைக் கஷாயம் விற்கும் கின்னா, தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஓரமாக நின்று பார்த்த மாணவி வெனிங்குக்கு நர்ஸின் கோபம் நியாயமாகத்தான் பட்டது. வெனிங் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் மருத்துவ மானிடவியல் படிப்பவள். காசநோய்க்காரர்கள் ஏன் பாதியில் மருந்தை நிறுத்துகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வந்திருந்தாள். நோட்டில் காரணம் என்ற இடத்தில் கின்னாவின் பெயரை எழுதி, அடிக்கோடும் போட்டாள்.

மறுநாள் காலை தையற்காரி சுபார்த்தியின் வீட்டுக்குப் போனாள். பேச்சுக்கு நடுவே சுபார்த்தி நாலைந்து முறை இருமினாள். வெறும் சளிதான், சுகாதார நிலையத்துப் பக்கமே போனதில்லை, கின்னாவின் ஜாமுவே போதும் என்றாள். வெனிங் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

அப்போதுதான் கொல்லைப்புறமாகக் கின்னா வந்தாள். சுபார்த்தி எழுந்து போனாள்.

கதவு இடுக்கில் வெனிங் பார்த்தாள். கின்னா ஒரு கையில் ஜாமு டம்ளரை நீட்டினாள். மூடியிருந்த இன்னொரு கையைத் திறந்தாள். உள்ளங்கையில் சிவப்பு மாத்திரைகள். சுபார்த்தி விழுங்கும்வரை நின்று, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கூடையைத் தூக்கினாள்.

வெனிங் சந்துமுனைக்கு ஓடிப்போய் அவளை மறித்தாள்.

"அது காசநோய் மாத்திரை. எங்கேயிருந்து திருடினீங்க?"

கின்னா இரண்டு பக்கமும் பார்த்தாள். யாருமில்லை.

"திருடலம்மா. நர்ஸம்மா கொடுத்தது."

வெனிங் நம்பவில்லை. கின்னா தாழ்ந்த குரலில் சொன்னாள். போன வருடம் சுபார்த்தியின் கணவன் இதே நோயில்தான் போனான். மருந்து வாங்கப் போனால் ஊர் பார்த்துவிடும் என்று கூசிப் பாதியிலேயே நிறுத்திவிட்டான். இவளுக்கும் இருப்பது தெரிந்தால் ஒருவரும் தைக்கத் துணி தர மாட்டார்கள்.

"சாவு வீட்டுக்கு வந்த நர்ஸம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. 'நான் ஒரு வீட்டு வாசல்ல நின்னாலே ஊர் பேசும், நீ எல்லா வீட்டுக்குள்ளயும் போற, நீதான் காப்பாத்தணும்'னாங்க. இப்ப ஏழு வீடு. ஒருத்தரும் ஒருநாள்கூட விடல."

வெனிங் நோட்டைத் திறந்து கின்னாவின் பெயரை அடித்தாள்.

"அப்புறம் ஏன்க்கா நாலு பேர் முன்னாடி உங்களை அப்படித் திட்டுறாங்க?"

"நான்தான் திட்டச் சொன்னேன். பாவம், ஒவ்வொரு தடவையும் மாத்திரை தரும்போது மன்னிப்புக் கேப்பாங்க." கின்னா சிரித்தாள். "நாங்க ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசிக்கிட்டா, என் கூடையில என்ன இருக்குன்னு ஊரே எட்டிப் பார்க்காதாம்மா?"